புள்ளியைப் படிக்கும் கண்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில், திண்டுக்கல் வானத்தில் சூரியன் ஒரு வளையலாக நின்றது. பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறவன் நான். கிரகணக் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கி மாணவர்களுக்குக் கொடுத்தது போக, வீட்டுக்கும் நான்கு கொண்டுவந்திருந்தேன். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள் ஜன்னல்களை அடைத்த அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் தொலைபேசியில் மூன்று முறை அழைத்து, வெளியே தலை காட்டக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது, காய் நறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். "இப்படி ஒன்று இந்த ஊரில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காது, வா அக்கா" என்று கூப்பிட்டது நான்தான். அவள் மாடிக்கு வந்து இரண்டு நிமிடம் பார்த்தாள். "வளைகாப்புக்கு வானத்திலும் ஒன்று போட்டுவிட்டார்கள்" என்று சிரித்தாள்.

குழந்தை 2020 மார்ச் 28 அன்று பிறந்தாள். ஊரடங்கு தொடங்கி நான்காம் நாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல அழுகை, நல்ல பசி. குப்புற விழுந்தது, தவழ்ந்தது, உட்கார்ந்தது எல்லாம் அந்தந்த மாதத்தில் நடந்தன. பதினோராம் மாதம் குலதெய்வக் கோவிலில் என் மடியில் உட்கார்த்திக் காது குத்தினோம். வலியில் என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தாள். பிறகு ஆசாரியைப் பார்த்து "தா" என்று கையை நீட்டினாள், அவர் கையில் இருந்த பஞ்சுக்காக. அந்தத் "தா"வை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சொல், ஒரு நீட்டிய கை. இரண்டும் அடுத்த எட்டு மாதத்துக்குள் போய்விட்டன.

முதலில் சொற்கள் போயின. "தா", "மா", காக்கையைப் பார்த்துச் சொல்லும் "கா", ஒவ்வொன்றாக. பிறகு கை. பந்தை எடுக்க மாட்டாள், பிஸ்கட்டைப் பிடிக்க மாட்டாள். இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகச் சேர்த்து, சோப்புப் போட்டுக் கழுவுவது போலப் பிசைந்துகொண்டே இருப்பாள். கொரோனா காலம் அது. வீட்டில் எல்லோரும் நாள் முழுவதும் கை கழுவிக்கொண்டிருந்தோம். பார்த்துப் பழகுகிறாள் என்று நாங்கள் சிரித்தோம். படம்கூடப் பிடித்து வைத்திருக்கிறோம். அந்தப் படத்தை இன்றுவரை நான் திறந்து பார்க்கவில்லை.

முதலில் போன மருத்துவமனையில், ஊரடங்கில் வளர்ந்த குழந்தை, மனிதர்களைப் பார்க்கவில்லை, போனைக் காட்டாதீர்கள் என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஆட்டிசம் என்றார்கள். அங்கே ஓராண்டு பயிற்சிக்குப் போனோம். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் குழந்தையைத் தொடவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பத்து நிமிடம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் வீட்டில் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பேத்திக்காக உயிரை விடுகிறவர். அவர் என் முன்னாலேயே, ஆனால் என்னைப் பார்க்காமல், சுவரிடம் சொன்னார்: "கிரகணத்தன்று இவன்தானே பிள்ளைத்தாய்ச்சியை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்." அக்கா பதில் பேசவில்லை. அவள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. வேதியியல் ஆசிரியன் மூளையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தது அன்று இரவுதான். அறிவுத் தாகம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது. வழக்கில் மாட்டிக்கொண்டவன் சட்டம் படித்த கதை.

இந்தக் கைகளை முதலில் கவனித்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட். 1954இல் அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், மடியில் ஆளுக்கொரு பெண் குழந்தையுடன் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தன. தனித்தனியாகப் பார்த்திருந்தால் இரண்டு நோயாளிகளாகவே இருந்திருப்பார்கள். அருகருகே உட்கார்ந்ததால் ஒரு நோயாகத் தெரிந்தார்கள். 1966இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1983இல் சுவீடனின் பெங்ட் ஹாக்பெரி உள்ளிட்ட நால்வர் மூன்று நாடுகளைச் சேர்ந்த 35 பெண் குழந்தைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோதுதான் ரெட் நோய்க்குறி என்ற பெயரே பரவியது. ஒரு மொழியில் எழுதியது இன்னொரு மொழியில் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள். எத்தனை தாய்மார்கள் எத்தனை கிரகணங்களுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள்!

அதே 1983இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹுதா ஸோக்பி தன் முதல் ரெட் குழந்தையைப் பார்த்தார். பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டுப் போரால் படிப்பு தடைப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தவர். சில நாட்களிலேயே அதே மாதிரி இன்னொரு குழந்தையையும் பார்த்தார். பெண் குழந்தைகளுக்கே வருவதால் எக்ஸ் குரோமோசோமில்தான் காரணம் இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. ஆனால் தேடுவதற்கு வழி இல்லை. பரம்பரை நோய் என்றால் தாத்தா, பாட்டி, சித்தி என்று குடும்ப மரத்தில் தடம் பிடித்துப் போகலாம். ரெட் நோயில் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் அந்தக் குடும்பத்தில் அவர்கள் மட்டும்தான். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1999இல், அவருடைய ஆய்வகத்தில் ரூத்தி அமிர் அந்த மரபணுவைப் பிடித்தார். அதன் பெயர் எம்இசிபி2. மெக்பி2 என்று வைத்துக்கொள்வோம், வீட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஏட்ரியன் பேர்ட் மெக்பி2 புரதத்தை ஏற்கெனவே 1992இல் கண்டுபிடித்து வைத்திருந்தார். நோய் எதையும் மனத்தில் வைத்து அவர் தேடவில்லை. மெத்தில் தொகுதி ஒட்டிய டிஎன்ஏவில் போய் உட்காரும் புரதம் எது என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெத்தில் தொகுதியை நான் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைகிறேன். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். கரிம வேதியியலில் இதைவிட எளிய தொகுதி கிடையாது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் இது ஒட்டிக்கொண்டால் எழுத்து மாறாது, எழுத்தின் ஓசை மாறும். எபிஜெனெடிக்ஸ் என்று இதைச் சொல்கிறார்கள். 1942இல் கான்ராட் வாடிங்டன் உண்டாக்கிய சொல். அவரும் பிற்பாடு எடின்பரோக்காரர்தான். தமிழில் மேல்மரபியல் என்று எழுதுகிறார்கள். எழுத்தின் மேல் என்று பொருள் கொண்டால் பொருத்தமான சொல்.

பாடப் புத்தகங்களில் இதை விளக்கு பொத்தான் என்பார்கள். மரபணுவைப் போடும், அணைக்கும். எனக்கு அது ஒருநாளும் ஒப்பவில்லை. நமக்கு அதைவிட நெருக்கமான ஒன்று கையிலேயே இருக்கிறது: மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. 'ப'வுக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் உள்ளே இருக்கும் அகரம் அடங்கிவிடுகிறது. எழுத்தின் உடம்பு அப்படியே இருக்கிறது. ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். 'படடம' என்று இருப்பதைப் 'பட்டம்' என்று படிக்கத் தெரிந்தவரிடம்தான் சுவடி பேசும். தெரியாதவர் எல்லா எழுத்தையும் முழு ஓசையோடு படித்துக்கொண்டு போவார். அது மௌனமாக இருக்காது, இரைச்சலாக இருக்கும்.

மெக்பி2 புள்ளியை வைப்பதில்லை. அதற்கு வேறு நொதிகள் இருக்கின்றன. மெக்பி2 புள்ளியைப் படிக்கிறது. புரதத்தின் ஒரு பகுதி மெத்தில் ஒட்டிய இடத்தைப் பற்றிக்கொள்ளும், இன்னொரு பகுதி மரபணுவின் ஓசையைத் தணிக்கும் வேறொரு புரதக் கூட்டத்தை இழுத்து வந்து உட்கார வைக்கும். மொத்தத்தில் ஒரு பாலம். எலியின் முதிர்ந்த நரம்புச் செல் ஒன்றின் உட்கருவில் இந்தப் புரதம் சுமார் 1.6 கோடி பிரதிகள் இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். ஏறத்தாழ டிஎன்ஏ முழுவதையும் போர்த்துமளவு. ஒரு குறிப்பிட்ட மரபணுவை அணைக்க இத்தனை தேவையில்லை. முழுச் சுவடியையும் ஒருவர் வரி விடாமல் படித்துக்கொண்டே இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த எண்ணிக்கை எனக்குப் புரிகிறது.

என் மருமகளின் அறிக்கையில் இருந்தது, அந்தப் புரதத்தின் 158ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் என்ற இன்னொன்று. மெத்திலைப் பற்றிக்கொள்ளும் பகுதியில்தான் அந்த இடம் இருக்கிறது. கண்ணாடியில் சரியாகக் கண்மணிக்கு நேரே ஒரு கீறல்.

சரி, பிறக்கும்போதே கீறல் இருந்தால் பதினோராம் மாதம் "தா" என்று எப்படிச் சொன்னாள்? பிறவியிலேயே இருந்த ஒன்று ஒன்றரை வயது வரை எங்கே ஒளிந்திருந்தது? அக்காவும் இதைத்தான் கேட்டாள். அத்தைக்கும் இதுதான் பிடி. "பிறக்கும்போது நன்றாகத்தானே இருந்தது?" வளர்ப்பில் கோளாறு, கண் பட்டது, தடுப்பூசி என்று எல்லாச் சந்தேகமும் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

2013இல் ரயன் லிஸ்டர், ஜோசஃப் எக்கர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. உடம்பின் மற்றச் செல்களில் மெத்தில் புள்ளி பெரும்பாலும் ஒரே விதமான இடத்தில்தான் விழும்: சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடத்தில். நரம்புச் செல்களில் இன்னொரு வகைப் புள்ளியும் உண்டு, பெரும்பாலும் சைட்டோசினுக்கு அடுத்து அடினைன் வரும் இடத்தில். கருவின் மூளையில் இது இல்லை என்றே சொல்லலாம். குழந்தை பிறந்த பிறகுதான் வரத் தொடங்குகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் வேகமாக ஏறி, பிறகு இளமைப் பருவம் வரை மெதுவாகச் சேர்ந்து, கடைசியில் மனித நரம்புச் செல்லில் பழைய வகைப் புள்ளிகளையே எண்ணிக்கையில் மிஞ்சிவிடுகிறது. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணைப்புகளை அள்ளி அள்ளிப் போட்டு, பிறகு வேண்டாததைக் கழிக்கும் காலமும் இதுதான். இந்தப் புதிய புள்ளிகளையும் படிக்க வேண்டியது மெக்பி2 என்று அடுத்த சில ஆண்டுகளில் வேறு ஆய்வகங்கள் காட்டின.

அதாவது அவள் பிறந்தபோது சுவடியில் அந்தப் புள்ளிகள் அவ்வளவாக இல்லை. படிக்கும் கண்ணில் கீறல் இருந்தாலும் படிக்க வேண்டியது குறைவு. மாதங்கள் போகப் போக மூளை புள்ளி வைத்துக்கொண்டே போகிறது. படிப்பவர் தடுமாறத் தொடங்குகிறார். ஒன்றரை வயதில் தடுமாற்றம் வெளியே தெரிகிறது. ரெட் நோய் அந்த வயதில் தலைகாட்டுவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று இத்துறையில் பலர் கருதுகிறார்கள். எனக்கு அது விடுதலைப் பத்திரம் போல இருந்தது. ஒன்றரை வயதில் யாரும் எதையும் செய்யவில்லை. நாள் வந்தது.

பெண் குழந்தைகள் மட்டும் ஏன் என்பதற்கும் பதில் எபிஜெனெடிக்ஸில்தான் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைச் சுருட்டி மூடி வைத்துவிடுகிறது. எது என்பது அந்தந்தச் செல்லின் குருட்டுச் சீட்டு. மரபியலாளர் மேரி லயன் 1961இல் சொன்னது இது. கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக இருக்கும் பூனை அநேகமாகப் பெண் பூனையாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். என் மருமகளின் மூளையிலும் அப்படித்தான். நல்ல மெக்பி2 வேலை செய்யும் செல்லும் செய்யாத செல்லும் அக்கம்பக்கத்து வீடுகளாகக் கலந்து கிடக்கின்றன. ஆண் குழந்தைக்கு ஒரே எக்ஸ் என்பதால் மாற்று கிடையாது. பெரும்பாலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, குழந்தைப் பருவத்தைத் தாண்டுவதே அரிது. இந்த நோயோடு இருக்கும் பெண் குழந்தைகள் சுமார் பத்தாயிரத்துக்கு ஒருவர்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும்.

158ஆம் இடத்தில் நடந்தது டிஎன்ஏ எழுத்து அளவில் ஒரே ஒரு மாற்றம். ஒரு சைட்டோசின் தைமினாகிவிட்டது. இதை நான் பலகையில் வரைந்து காட்ட முடியும். சைட்டோசின் தன்னிடம் உள்ள அமினோ தொகுதியைத் தண்ணீரில் அவ்வப்போது தானாகவே இழக்கும். சாதாரணச் சைட்டோசின் அப்படி இழந்தால் யுராசில் ஆகும். யுராசில் டிஎன்ஏவில் இருக்கக் கூடாத எழுத்து. செல் உடனே கண்டுபிடித்துத் திருத்திவிடும். ஆனால் மெத்தில் ஒட்டிய சைட்டோசின் அமினோவை இழந்தால் தைமினாகிவிடும். தைமின் முறையான எழுத்து, அதனால் திருத்துபவர் கண்ணில் எளிதில் தப்பிவிடும். ரெட் நோயில் அடிக்கடி காணப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கவனித்தீர்களா? புள்ளியைப் படிக்க வேண்டிய புரதத்தின் மரபணுவிலேயே புள்ளி இருந்த இடத்தில்தான் விபத்து. ஒரு புள்ளி, புள்ளியைப் படிக்கும் கண்ணைக் கெடுத்தது. வேதியியல் இத்தனை கேலியாகப் பேசும் என்று நான் நினைத்ததில்லை.

விந்தணுவில் இந்த மெத்தில் புள்ளிகள் நிறைய. தவிர, விந்தணுவை உண்டாக்கும் செல்கள் ஒரு ஆணின் வாழ்நாளெல்லாம் பிரிந்துகொண்டே இருப்பவை. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றும் மெக்பி2 மாற்றம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்த குடும்பங்களில் மிகப் பெரும்பாலும் தந்தை வழிக் குரோமோசோமில்தான் இருந்தது.

அறிக்கை வந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை மறுபடி சுவரிடம் கிரகணத்தைப் பற்றிச் சொன்னார். நான் எழுந்து நின்று, வகுப்பில் பேசும் குரலில், "கிரகணம் டிசம்பரில் வந்தது அத்தை. இந்த மாற்றம் ஜூலையில் கரு உண்டான அன்றே இருந்தது. வந்த வழி அநேகமாக உங்கள் மகன்" என்றேன். மச்சான் கையில் மோர் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. ஆனால் அக்காவின் தலையிலிருந்து இறக்கியதை அவர் தலையில் ஏற்றி வைத்ததைத் தவிர அங்கே நான் வேறொன்றும் செய்யவில்லை. கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஒன்றில், தண்ணீரில் தானாக நடக்கும் ஒரு வினை. அதை "உங்கள் மகன்" என்று சொல்வது எந்த வேதியியல்? அக்காதான் அன்று என்னைத் திட்டினாள். இரண்டு ஆண்டுகளில் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான்.

அதே ஆண்டு அக்காவுக்கு யாரோ ஒரு சொற்பொழிவுக் காணொளியை அனுப்பினார்கள். கர்ப்பிணிகளுக்குக் கட்டணப் பயிற்சி நடத்துகிறவர் பேசுகிறார். பிரகலாதன் கருவில் நாராயண நாமம் கேட்டது, அபிமன்யு சக்கர வியூகம் கேட்டது, நடுவில் சுபத்திரை தூங்கிவிட்டது. அங்கிருந்து ஒரே தாவலில் எபிஜெனெடிக்ஸ். தாயின் ஒவ்வொரு எண்ணமும் குழந்தையின் மரபணுவில் எழுதப்படுகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம். அக்கா அதை எனக்கு அனுப்பிவிட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

அந்தப் பேச்சாளர் தொட்டுக்கொண்டது ஒரு நல்ல ஆய்வை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஸிஃபும் அவர்களுடன் இருந்தவர்களும் 2004இல் வெளியிட்டது. பசு கன்றை நக்கிக் கொடுப்பது போல எலித் தாயும் குட்டிகளை நக்கும். சில தாய்கள் அதிகம், சில குறைவு. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அச்சத்திலிருந்து சீக்கிரம் தெளிகின்றன. அவற்றின் மூளையில், ஹிப்போகாம்பஸ் பகுதியில், மன அழுத்த ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் மெத்தில் குறைவாக இருந்தது. பிறந்த அன்று இரு வகைக் குட்டிகளுக்கும் வேறுபாடு இல்லை, முதல் வாரத்துக்குள் வந்துவிடுகிறது. குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தால் வளர்த்தவளின் வழியில் போகின்றன. வளர்ந்த எலியின் மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தினால் அந்த வேறுபாடு அழிந்தும்விடுகிறது.

பேச்சாளர் இதில் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று பாருங்கள். இது கருவில் நடந்ததல்ல, பிறந்தபின் நடந்தது. எண்ணத்தால் நடந்ததல்ல, நாக்கால் நடந்தது. பெற்றவளே வேண்டும் என்பதில்லை, வளர்த்தவள் போதும். திருப்பவும் முடியும். நான்கையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்: தாயே, எல்லாம் உன் கையில். அதாவது, தவறினால் உன் தவறு. கிரகணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கிரகணமாவது ஓர் ஆண்டில் சில மணி நேரம்தான். இந்த விஞ்ஞானக் கிரகணம் பத்து மாதமும் விடாது.

வளைகாப்பை நான் கேலி செய்ய மாட்டேன், அதுவும் சொல்லிவிடுகிறேன். கருவின் காது ஏறத்தாழ ஆறாம் மாத முடிவில் ஓசைக்கு அசையத் தொடங்குகிறது. ஏழாம் மாதம் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக் குலுங்க விட்டவர்கள் எதையோ கவனித்திருக்கிறார்கள். கலவைச் சோறும் உண்டு. யாரையும் குற்றவாளி ஆக்காத விழா.

எனக்கும் ஒரு மூடநம்பிக்கை வந்து போனது. ஃபோலிக் அமிலம் உடம்பில் மெத்தில் தொகுதிகளைக் கைமாற்றிக் கொடுக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி. கருவின் நரம்புக் குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும், பல பெண்களுக்குக் கரு இருப்பதே தெரியாத நாள் அது. அதனால்தான் கருத்தரிக்கும் முன்பிருந்தே அந்த மஞ்சள் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அது மெய்யாகவே முதுகுத் தண்டுக் குறைகளைத் தடுக்கிறது. அப்படியானால் மெத்தில் படிப்பதில் சிக்கல் உள்ள குழந்தைக்கு மெத்திலைக் கூட்டிக் கொடுத்தால்? ஒரு வாரம் நான் இந்த எண்ணத்தோடு பள்ளிக்கூடத்தில் மிதந்தேன். பிறகு தேடினால், அமெரிக்காவில் ரெட் குழந்தைகளுக்கு ஃபோலேட்டும் பீட்டைனும் கொடுத்துப் பார்த்து, அளவிட்டுச் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை என்று 2009இலேயே எழுதிவிட்டார்கள். யோசித்தால் நியாயம்தான். கண்ணில் கீறல் இருப்பவருக்கு மையைக் கூட்டிக் கொடுத்து என்ன பயன்?

ஒன்று மட்டும் எலியில் நடந்திருக்கிறது. 2007இல் ஏட்ரியன் பேர்டின் ஆய்வகத்தில் ஜாக்கி கய் உள்ளிட்டோர், மெக்பி2 மரபணுவின் நடுவே ஒரு தடையை வைத்து எலிகளைப் பிறக்க வைத்தார்கள். தடையை வேண்டும்போது ஒரு மருந்தால் நீக்கலாம். எலிகள் வளர்ந்து, நடை தள்ளாடி, மூச்சுத் திணறி, சில சாவின் விளிம்புக்கே வந்தபின் தடையை நீக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை தேறின. ரெட் நோயில் நரம்புச் செல்கள் சாவதில்லை. சிறுத்து, கிளை குறைந்து, காத்துக்கொண்டிருக்கின்றன. புள்ளிகளும் சுவடியில் அப்படியே இருக்கின்றன. படிப்பவர் திரும்பி வந்ததும் படிக்கத் தொடங்குகிறார்.

அக்காவிடம் இதைச் சொல்லலாமா என்று நான்கு மாதம் யோசித்தேன். எலிக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள தூரம் எனக்குத் தெரியும். மெக்பி2 குறைந்தாலும் கேடு, இரட்டித்தாலும் கேடு. இந்த மரபணு இரண்டு பிரதிகளாக அமைந்துவிட்ட ஆண் குழந்தைகளுக்கு வேறொரு கடும் நோய் வருகிறது. இல்லாத புள்ளியையும் இருப்பதாகப் படிக்கும் கண் அது. மரபணு மருத்துவம் செய்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த அளவில்தான், பக்கத்து வீட்டு நல்ல செல்லுக்குள்ளும் மருந்து போய்விடுமே. 2023 மார்ச்சில் அமெரிக்கா டிரோஃபினடைட் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது, ரெட் நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து. அது மரபணுவைத் தொடுவதில்லை, சில அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கிறது, பலருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கிறது. விலையைப் பற்றிப் பேச வேண்டாம்.

கடைசியில் சொன்னேன். அக்கா எலிகளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தேறிய பிறகு பழையபடி எல்லாம் ஞாபகம் இருந்ததா?" என்னிடம் பதில் இல்லை.

மச்சான் இப்போது என்னோடு பேசுகிறார். அவர்தான் குழந்தையை வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு ஸ்கூட்டரில் அழைத்துப் போகிறார், இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. அத்தை கிரகணத்தை விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் கறுக்கும்போது, நாங்கள் எல்லோரும் பதறி ஓடுவோம், அவர் மட்டும் அவளை மார்போடு அணைத்து முதுகை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே இருப்பார். மூச்சு வந்துவிடும். எப்படி என்று கேட்டால், "மாட்டுக்கன்றுக்குச் செய்வதுதான்" என்கிறார்.

ரெட் குழந்தைகளுக்குக் கையும் சொல்லும் போனாலும் பார்வை போவதில்லை. ஆட்டிசம் என்று சொன்னவர்கள் தவறவிட்டது இதைத்தான். அவள் நம் கண்ணை நேராகப் பார்ப்பாள், விடாமல், சமயத்தில் நாமே கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும்படி. பயிற்சி கொடுப்பவர் அதைப் பேச்சாக மாற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இரண்டு பொருளைத் தள்ளித் தள்ளிப் பிடித்தால், வேண்டியதைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பாள். அவசரப்படக் கூடாது. பத்து விநாடி, சில நாள் இருபது விநாடி காத்திருக்க வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்டு மூன்று விநாடியில் பதிலையும் நானே சொல்லிப் பழகியவன் நான்.

போன ஞாயிறு அவள் முன்னால் உட்கார்ந்து, இடது கையில் பால் டம்ளர், வலது கையில் இளநீர் டம்ளர். கைகள் பிசைந்துகொண்டே இருந்தன. கண் இளநீர்ப் பக்கம் போனது, என் முகத்துக்கு வந்தது. நான் பாலை அவள் வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. அடுக்களையிலிருந்து அக்கா, "பாலா கேட்டாள்? மறுபடி கேள்" என்றாள். இரண்டு டம்ளரையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன். அவள் இளநீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் கண்ணைத் தாழ்த்தும் வரை.